கோபுரம் மறைகிறது, மேல் இரண்டு மாடியைக் குறைக்கச் சொல்லலாமா?

ராமேசுவரத்திலிருந்து வந்திருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. பெயர், தெரு, சர்வே எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்.

வாசகரின் வீடு கோயிலுக்குத் தெற்கே ஏறக்குறைய 900 மீட்டரில் இருக்கிறது. பின்கட்டு பழைய பவளக்கல் சுவர். முன்பகுதியும் மாடியும் 1998-இல் அப்பா கட்டியது. மாடியில் ஐந்து அறைகளை யாத்ரீகர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்று கிழக்குக் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு அக்னி தீர்த்தத்துக்கு நடப்பதற்காகவே வருடா வருடம் வருகிறவர்கள் உண்டு. இப்போது வீட்டுக்கு வடக்கே 60 மீட்டரில், கடலிலிருந்து சுமார் 350 மீட்டரில், ஒரு ஓட்டல் கட்டடம் எழும்புகிறது. குழி தோண்டத் தொடங்கி நான்கரை மாதம். மூன்று தளத்துக்கு கான்கிரீட் போட்டாகிவிட்டது. "மொத்தம் ஏழு" என்கிறார் வாட்ச்மேன். அனுமதி விவரப் பலகை எதுவும் இல்லை. கோபுரத்தில் இன்று கலசங்கள் மட்டும்தான் தெரிகின்றன. குழியில் இரவு பகலாக மோட்டார் வைத்து இறைத்ததிலிருந்து கிணற்று நீர் உவர்த்துவிட்டது. பவளக்கல் சுவரில் விரிசல். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்து ரசீது வாங்கியதோடு சரி. இதற்கிடையே கட்டுபவரின் ஆள் வந்து, 20 ரூபாய்ப் பத்திரத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் இரண்டு லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வாசகர் கேட்பது: "இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பார்த்த காட்சி எனக்கு உரிமை ஆகாதா? பழைய கோயிலிலிருந்து 300 மீட்டருக்குள்ளும், கடலிலிருந்து 500 மீட்டருக்குள்ளும் கட்டக்கூடாது என்கிறார்களே? எதுவும் நடக்காவிட்டால், மேல் இரண்டு மாடியையாவது குறைக்க ஆணை வாங்க முடியுமா?"

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மேல் இரண்டு மாடியைக் குறைக்கச் சொல்லி எங்கும் எழுதாதீர்கள். எழுதியிருந்தால் அடுத்த மனுவில் அதை விட்டுவிடுங்கள். அந்தக் கோரிக்கையால் கோபுரம் திரும்ப வராது. அதைவிட மோசம், உங்கள் கையில் உள்ள வலுவான பிடியை நீங்களே நழுவவிட்டவர் ஆவீர்கள்.

முதலில் ஒரு கணக்கு

உங்கள் மொட்டை மாடி தரையிலிருந்து 6.6 மீட்டர், நிற்பவரின் கண் அதற்கு மேல் ஒன்றரை மீட்டர் என்று கொண்டால் பார்வை உயரம் 8.1 மீட்டர். கோபுரத்தை 38 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கண்ணிலிருந்து கலச உச்சிக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால், 900 மீட்டரில் அது ஏறுவது 29.9 மீட்டர். புதுக் கட்டடம் நிற்கும் 60 மீட்டரில் அதில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 2 மீட்டர்தான் ஏறியிருக்கும். ஆகவே அந்த இடத்தில் 10.1 மீட்டருக்கு மேல் எது நின்றாலும் கலசமும் தெரியாது. தளத்துக்கு 3.3 மீட்டர் என்றால் மூன்று தளம் 9.9 மீட்டர். நீங்கள் எழுதியபடி இன்று கலசம் மட்டும் தெரிவது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. நான்காவது தளத்தின் தூண்களுக்குச் சுற்றிலும் சுவர் எழுந்தால் அதுவும் போய்விடும். ஏழு ஐந்தானாலும், ஐந்து நான்கானாலும் உங்களுக்கு ஒன்றுதான்.

வாட்ச்மேன் சொன்ன கணக்கை நம்பாமல் நீங்களே அளந்துகொள்ளுங்கள். வெயில் அடிக்கும்போது ஒரு மீட்டர்க் கம்பைச் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலை அளங்கள். அதே நிமிடத்தில் கட்டடத்தின் நிழல் தெருவில் எதுவரை விழுகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் குறித்து, சுவரடியிலிருந்து அளங்கள். கம்பின் நிழல் 80 செ.மீ., கட்டடத்தின் நிழல் 8 மீட்டர் என்றால் உயரம் 10 மீட்டர். உள்ளே போக முடிந்தால் இன்னும் எளிது: ஒரு தளத்துக்குப் படிக்கட்டில் எத்தனை படி என்று எண்ணி, ஒரு படியின் உயரத்தால் பெருக்குங்கள். 15 செ.மீ. படி இருபத்திரண்டு இருந்தால் 3.3 மீட்டர்.

காட்சி உரிமை ஆகாது

இது உங்களுக்குக் கசப்பாக இருக்கும். இந்திய வசதியுரிமை (அடுத்தவர் நிலத்தின் மீது நம் நிலத்துக்கு இருக்கும் உரிமை) சட்டம், 1882-இன் 15-ஆம் பிரிவு, ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டு தடையின்றி, உரிமையாகவே வந்த வெளிச்சத்தையும் காற்றையும் காக்கிறது. பார்வைக்கு இனிய காட்சியை அது காக்கவில்லை. 25 ஆண்டு பார்த்தாலும் 50 ஆண்டு பார்த்தாலும் அப்படித்தான். நான்கு நூற்றாண்டுகளாக நீதிமன்றங்கள் பிடித்துவரும் கோடு இது: காற்றும் வெளிச்சமும் தேவை, காட்சியோ இன்பம். கோபுர தரிசனத்தை நாம் வெறும் இன்பக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்பது வேறு. வழிபாட்டு உரிமை என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் தனியார் மனை ஒன்றின் உயரத்தை அதை வைத்து நிறுத்த முடியும் என்று சொல்லி உங்களிடம் கட்டணம் வாங்க மாட்டேன்.

வெளிச்சம், காற்று என்ற வாதமும் உங்களுக்கு அவ்வளவாக உதவாது. அந்த உரிமை அறையின் சன்னலுக்கு உண்டு. திறந்த வெளிக்குக் கிடையாது என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. 60 மீட்டர் தள்ளி நிற்கும் கட்டடம் உங்கள் அறைகளை இருட்டாக்கிவிட்டது என்று காட்டுவது கடினம்.

காட்சியைப் பாதுகாக்க வேண்டுமென்றால் அது ஊருக்கான திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். லண்டனில் ரிச்மண்ட் பூங்காவின் ஒரு மேட்டிலிருந்து 16 கி.மீ. தள்ளி இருக்கும் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரிய வேண்டும் என்று காட்சிக்கோடே வரைந்து வைத்திருக்கிறார்கள். அதுவும் நகரத் திட்டத்தின் விதிதான், எந்த வீட்டுக்காரருடைய சொத்தும் அல்ல. நம் பக்கத்தில் மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரத்துக்கு 9 மீட்டர் என்ற வரம்பு இருக்கிறது. அந்த எண்ணைக் கவனியுங்கள்: உங்கள் கணக்கில் வந்த 10.1-க்குள் அது அடங்குகிறது. உங்கள் வீடும் அந்த மனையும் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான். எனவே கோயிலைச் சுற்றிய உயரக் கட்டுப்பாட்டு ஆணை எதுவும் அந்த சர்வே எண்ணுக்குப் பொருந்துமா, பொருந்தினால் நகல் என்பதுதான் உங்கள் தகவல் அறியும் மனுவின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

300 மீட்டர், 500 மீட்டர்

இரண்டையும் நீங்கள் பாதி சரியாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். தொல்லியல் சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தப்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் அந்த 300. ஆனால் அது மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று தனியாக அறிவித்தவற்றுக்கு மட்டும். கோயில் பழமையானது என்பதாலேயே அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடாது. நம் பெருங்கோயில்கள் பலவும் அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் மட்டும்தான் இருக்கின்றன. அந்தக் கட்டடம் இருப்பது 800 மீட்டருக்கு மேல் தள்ளி. இந்த வாதத்தை மனுவில் சேர்த்தால், எதிர்த்தரப்பு அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையும் சேர்த்துக் கழித்துவிடும்.

கடல் விஷயம் வேறு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் 500 மீட்டர் என்பது மண்டலத்தின் எல்லை. அதற்குள் கட்டவே கூடாது என்று பொருளல்ல. நகராட்சிக்குள் ஏற்கெனவே வளர்ந்த பகுதி இரண்டாம் வகையில் வரும். அங்கே, இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம், உள்ளூர்க் கட்டட விதிகளுக்கு உட்பட்டு. அந்த இடம் மூன்றாம் வகை (அவ்வளவாக வளராத பகுதி) என்று வரைபடத்தில் இருந்தால் கதையே மாறும்: 2011 அறிவிக்கைப்படி அந்த வகையில் கடற்கரை விடுதிக்கு உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் மேலே ஒன்றும் மட்டுமே. 2019-இல் புது அறிவிக்கை வந்தாலும், மாநிலத்தின் வரைபடம் அதன்படி ஒப்புதல் பெற்ற பிறகே அது செயலுக்கு வரும். அனுமதி எந்தத் தேதியில், எந்த வரைபடத்தை வைத்துத் தரப்பட்டது என்று கேளுங்கள். தூரத்தையும் உயர் ஓதக் கோட்டிலிருந்துதான், அதாவது கடல் நீர் ஏறி வரும் உச்ச எல்லையிலிருந்துதான் அளப்பார்கள். கைபேசி வரைபடத்தில் மணல் ஓரத்தைத் தொட்டு அளந்த 350 அதிகாரிகளின் கணக்கில் கூடலாம், குறையலாம்.

உங்கள் கோபுரம் பக்கவாட்டில் இருக்கிறது

இப்போது அந்த நழுவவிடக்கூடாத பிடிக்கு வருகிறேன். கடிதத்தோடு அனுப்பிய படத்தில் கோபுரம் கட்டடத்தின் கிழக்கு ஓரத்தை ஒட்டித்தான் மறைந்திருக்கிறது. அந்தப் பக்கம் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே பத்தடிதான் என்கிறீர்கள், ஏறத்தாழ 3 மீட்டர். அடுத்த மனையில் தாழ்ந்த ஓட்டு வீடு.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இல் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரக் கட்டடம். 30 மீட்டர் வரையிலான உயரக் கட்டடத்துக்குச் சுற்றிலும் 7 மீட்டர் காலியிடம் விட வேண்டும். ஏழு தளம், தளத்துக்கு 3.3 என்றால் 23.1 மீட்டர். அப்படியானால் கிழக்கே 4 மீட்டர் குறைகிறது. 60 மீட்டரில் 4 மீட்டர் அகலத் திறப்பு, உங்கள் மாடியிலிருந்து பார்த்தால் 900 மீட்டரில் 60 மீட்டர் அகலத்தைக் காட்டும். கோபுரம் அதில் தாராளமாக அடங்கும், அடியில் மற்ற கட்டடங்கள் மறைக்கும் பகுதி நீங்கலாக.

மேல் இரண்டு மாடியைக் கேட்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான். ஏழு ஐந்தானால் 16.5 மீட்டர். அது உயரக் கட்டடமே அல்ல. அதற்கு விட வேண்டிய பக்க இடைவெளி 7 மீட்டரைவிடக் குறைவு. உங்கள் மனுவையே காட்டி, "அவர் கேட்டபடி குறைத்துவிட்டோம்" என்று சொல்லி, சுவரை நிற்கிற இடத்திலேயே முறைப்படுத்திக்கொள்ள வழி கிடைக்கும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அனுமதி ஐந்து தளத்துக்குத்தான் வாங்கியிருக்கலாம், ஏழு என்பது வாட்ச்மேன் பேச்சாகவோ அனுமதி மீறும் எண்ணமாகவோ இருக்கலாம். 18.30-க்குள் காட்டி அனுமதி வாங்கிவிட்டு மேலே ஏற்றுவது எங்கும் நடப்பதுதான். லிஃப்ட் அறை, மாடிப்படித் தலைப்பு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை உயரக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பெயரில் அறைகளே முளைப்பதும் உண்டு. கடைசித் தளத்துக்கு மேலும் தூண் கம்பிகளை ஆளுயரத்துக்கு வெட்டாமல் நிறுத்தி வைத்திருந்தால், அடுத்த தளம் மனசில் இருக்கிறது என்று பொருள். வரைபடம் கையில் வரும்வரை எது மீறல் என்று நீங்கள் முடிவு கட்ட வேண்டாம். 'அனுமதித்த வரைபடப்படி அளந்து, மீறல் இருந்தால் நடவடிக்கை' என்று மட்டும் கேளுங்கள்.

எதை, எந்த வரிசையில்

ஒரு தளத்துக்கு சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு அடுத்ததற்குப் போக இரண்டு, மூன்று வாரம் ஆகும். தகவல் அறியும் மனுவுக்குப் பதில் வர 30 நாள். அதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் அடுத்தது என்று உட்கார்ந்தால் ஐந்தாவது தளம் வந்திருக்கும். முழுதாக எழும்பிய கட்டடத்தை இடிக்கச் சொல்ல எந்த நீதிமன்றமும் தயங்கும், "இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்" என்ற கேள்வியும் வரும். ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே வாரத்தில் எல்லாம்.

10 ரூபாய்க் கட்டணத்துடன் நகராட்சிக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் தனித்தனியே மனு போடுங்கள். திட்ட அனுமதி எண்ணும் தேதியும், அனுமதித்த உயரம், தளங்கள், நான்கு பக்க இடைவெளி, முன்சாலையின் அகலம் (உயரக் கட்டடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும்), கடலோர மண்டல அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, அடித்தள மட்டத்தில் நடந்த ஆய்வின் குறிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். 'கோப்பை நேரில் பார்வையிட வேண்டும்' என்ற வரியைச் சேர்க்க மறக்காதீர்கள். நகல் தர மூன்றாம் நபர் ஆட்சேபணை என்று இழுத்தாலும், நேரில் பார்த்து எண்களைக் குறித்துக்கொள்ளும் வாய்ப்பு மிஞ்சும்.

அதே நாளில் நகராட்சி ஆணையருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் புகார். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 56, 57-ஆம் பிரிவுகளின்படி அனுமதியற்ற, அனுமதி மீறிய கட்டுமானத்தை நிறுத்தவும் அகற்றவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கோருங்கள். கலெக்டர் மனு வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அது உரிய துறைக்கு அனுப்பப்படும் கடிதம்தான், அதனாலேயே எந்த வேலையும் நிற்காது. இந்தத் தபால் ரசீதுகள்தான் பிறகு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடும்போது உங்கள் அடித்தளம். இரண்டு வாரம் அசைவில்லை என்றால் போய்விடலாம். புகாரை விசாரித்து, மனையை அளந்து, குறித்த காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடுங்கள் என்ற அளவான கோரிக்கைக்கு நீதிமன்றம் எளிதில் செவிசாய்க்கும். 'இடிக்கச் சொல்லுங்கள்' என்று முதல் நாளே கேட்டால் காரியம் கெடும்.

கிணறும் விரிசலும்

சொல்லப்போனால் உங்கள் வழக்கில் உண்மையான சேதம் இங்கேதான் இருக்கிறது. கடிதத்தில் இதற்கு நான்கே வரி எழுதியிருக்கிறீர்கள், கோபுரத்துக்கு மூன்று பக்கம்.

நம் தீவில் கிணற்றுத் தண்ணீர் என்பது மணலுக்குள் கடல் நீரின்மேல் மிதக்கும் மழை நீர்தான். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர்வரை உப்பு எட்டாமல் பிடித்து வைக்கும். மேலே 10 செ.மீ. இறைத்தால் கீழிருந்து உப்பு காலப்போக்கில் 4 மீட்டர் ஏறிவிடும். குழியில் வாரக்கணக்கில் மோட்டார் ஓடினால் அக்கம்பக்கத்துக் கிணறு உவர்ப்பதில் ஆச்சரியமில்லை. 2011 அறிவிக்கையில் ஓதக் கோட்டிலிருந்து 200 முதல் 500 மீட்டர்வரை, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றில் கையால் இறைத்துக் குடிநீர், விவசாயம் போன்றவற்றுக்கு எடுக்கத்தான் அனுமதி. அடித்தளக் குழியை இறைப்பதும் நிலத்தடி நீர் எடுப்பதுதானா என்று எதிர்த்தரப்பு வாதிடும். வாதிடட்டும், கேள்வி நியாயமானது. சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இதைக் கொண்டுபோக, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். குழி இறைத்த நாளிலிருந்து எண்ணினால் உங்களிடம் ஒன்றரை மாதம் மிச்சம்.

தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து, கரைந்த உப்பும் குளோரைடும் எழுத்தில் வாங்குங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை உப்பு நல்ல தண்ணீர், 2,000-ஐத் தாண்டினால் வேறு வழியில்லாத இடத்தில்கூடக் குடிநீர் அல்ல. குழியிலிருந்து தள்ளி இருக்கும் ஒரு கிணற்றுத் தண்ணீரையும் அதே நாளில் சோதித்தால்தான் ஒப்பிட முடியும். 'இங்கே எப்போதும் உவர்தான்' என்பது அவர்களுடைய முதல் பதிலாக இருக்கும்.

விரிசலைப் பூசி மறைத்துவிடாதீர்கள். விரிசலின் குறுக்கே விரல் அகலத்துக்குப் பாரிஸ் சாந்தை மெல்லியதாக இழுகி, காய்ந்ததும் தேதி எழுதுங்கள். சுவர் இன்னும் நகர்ந்தால் அந்தப் பட்டை வெடித்துக் காட்டும். பவளக்கல்லும் சுண்ணாம்பும் அதிர்வைத் தாங்குவது குறைவு, மேலும் அந்தச் சுவர் ஏற்கெனவே அரித்திருந்ததா என்ற கேள்வி நிச்சயம் வரும். எனவே அளவுகோலை விரிசலோடு வைத்து வாரம் ஒரு படம். உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து நேரில் பார்க்கச் சொல்லலாம், அவருடைய அறிக்கைக்குத்தான் மதிப்பு.

அந்த இரண்டு லட்சம்

பேச்சுவார்த்தையை மறுக்காதீர்கள், 20 ரூபாய்ப் பத்திரத்தை மட்டும் மறுங்கள். 'எந்த ஆட்சேபணையும் இல்லை' என்ற ஒரு வரி கிணற்றையும் சுவரையும் சேர்த்து விழுங்கிவிடும். பிறகு நீங்கள் போகும் ஒவ்வொரு இடத்திலும் அதை முதல் பக்கமாக வைப்பார்கள். உடன்படுவதானால் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள்: கிணற்றுக்கு, விரிசலுக்கு, வேலை நடக்கும் மாதங்களில் அறைகள் காலியாகக் கிடப்பதற்கு. விதி மீறலைப் பற்றிய புகார் அதில் அடங்காது என்று ஒரு தனி வரி.

பணத்தைவிட ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். கிழக்குப் பக்க 7 மீட்டரும் வானம் பார்த்த வெளியாகவே இருக்கும் என்று உங்கள் வீட்டுக்கு ஆதரவான வசதியுரிமைப் பத்திரமாக எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து தரச் சொல்லுங்கள். அது நிலத்தோடு ஓடும். ஓட்டல் கை மாறினாலும் நிற்கும். அதில் ஜெனரேட்டர் கொட்டகை, தகரக் கூரை, விளம்பரப் பலகை மூன்றையும் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். 7 மீட்டரை விட்டுவிட்டு அதிலேயே இரும்புச் சட்டம் நட்டு ஓட்டல் பெயர்ப்பலகை மாட்டுவார்கள். ஓட்டு வீட்டு மனைக்காரர் நாளைக்குக் கட்ட நினைத்தால் இந்தப் பத்திரம் அவரைக் கட்டுப்படுத்தாது என்பதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

இன்று மாலையே இரண்டு படங்கள் எடுத்துவிடுங்கள். மொட்டை மாடியின் மேற்கு மூலையிலிருந்து ஒன்று, கிழக்கு மூலையிலிருந்து ஒன்று, இரண்டிலும் தேதியோடு. உங்கள் மாடி 12 மீட்டர் அகலம் என்றால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நகரும்போது பார்வைக்கோடு அந்தக் கட்டடத்தின் மீது 11 மீட்டருக்கு மேல் நகரும். கிழக்கு மூலையில் நின்றால் இப்போதே கோபுரத்தின் ஒரு பக்கம் வெளியே தெரிகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.